குறிகட்டுவான் துறையில் எழுந்த சிந்தனை

தமிழாசிரியன் ஒருவன் புவியியலைப் பற்றி எழுதப் புகுந்தால், தன் வயலை விட்டுப் பிறர் வயலில் ஏர் பூட்டினான் என்று நகைப்பார் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என வகுத்து, அவ்வந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, தொழில், பறை, யாழ் ஆகியவற்றைக் கருப்பொருள் என ஒருங்கு வைத்து எண்ணியவர் தொல்காப்பியர். நிலம் எவ்வாறோ அவ்வாறே வாழ்வு என்னும் கருத்து நம் இலக்கணத்துக்குப் புதிதன்று. ஆதலின், மக்கள் எங்கே குடியிருக்கின்றனர், அவர்களுக்கு வேண்டிய கடையும் பாடசாலையும் வைத்தியசாலையும் எங்கே அமைகின்றன என்னும் வினா, கீழைத்தேயக் கல்லூரியில் இலக்கணம் கற்பித்துக் காலங்கழிக்கும் என் போன்ற பண்டிதனுக்கும் உரியதே.

இவ்வினா எனக்கு ஏட்டில் எழவில்லை. குறிகட்டுவான் துறையில் எழுந்தது. யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை வழியாகச் சென்று, மீண்டும் கடலிடைப் போடப்பட்ட வீதியால் புங்குடுதீவை அடைந்து, அத்தீவின் மேற்குக் கோடிவரை போனால் வருவது குறிகட்டுவான். பேருந்து அங்கே நின்றுவிடும். அதற்கப்பால் படகுதான். ஒரு படகு நயினாதீவுக்கு. ஒரு படகு நெடுந்தீவுக்கு.

சென்ற சோழகக் காலத்தில் ஒருநாள் நயினாதீவிலிருந்து மாலையில் திரும்பி அத்துறையில் இறங்கினேன். எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒதுக்குப்புறமாக அமர்ந்திருந்தார்.

“நெடுந்தீவுக்கோ அம்மா? படகு எத்தனை மணிக்கு?” என்றேன்.

“இனி நாளைக்குத்தான் தம்பி. அதுவும் காத்து விட்டால்” என்றார். “பட்டணத்திலை டொக்குத்தரிட்டைக் காட்ட வந்தனான். அவர் பாத்தது அஞ்சு நிமிசம். பஸ் இஞ்சை வந்து சேர, போட் வெளிக்கிட்டுட்டுது. இரவைக்குப் புங்குடுதீவிலை சொந்தக்காரர் வீட்டிலைதான் தங்கவேணும்.”

ஐந்து நிமிட மருத்துவத்துக்கு இரண்டு நாட் பயணம். அம்மையார் அதனைக் குறையாகச் சொல்லவில்லை. மழையையும் வெயிலையும் சொல்வது போலச் சொன்னார். அவர் அவ்வாறு பழகிப்போனதே என்னை வருத்தியது.

மறுநாள் கல்லூரிக்குச் சென்றதும் புவியியல் கற்பிக்கும் நண்பரிடம் இதனைக் கூறினேன். அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து அறுகோணங்கள் நிறைந்த படமொன்றைக் காட்டினார். தேன்கூட்டின் அறைகள் போல அவை ஒன்றையொன்று ஒட்டி நின்றன. 1933ஆம் ஆண்டில் வால்டர் கிறிஸ்டாலர் என்னும் ஜேர்மானிய அறிஞர் தென் ஜேர்மனியின் ஊர்களையும் நகரங்களையும் ஆராய்ந்து வகுத்த கோட்பாடு அது. மைய இடக் கோட்பாடு என்று மாணவர் அதனைப் படிக்கின்றனர்.

அதன் சாரம் எளியது. உப்பும் தீப்பெட்டியும் விற்கும் கடை ஊருக்கு ஒன்று இருக்கும். நகைக்கடை ஊர்தோறும் இராது. உப்பு வாங்க நாம் தொலைதூரம் போகமாட்டோம். திருமணத்துக்குத் தாலி செய்விக்கப் பட்டணம் போகத் தயங்கமாட்டோம். ஆகவே ஒவ்வொரு சேவைக்கும் இரண்டு அளவுகள் உண்டு. அச்சேவை நட்டமின்றி நிலைபெறுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த ஆட்தொகை ஒன்று. அதனைப் பெற மக்கள் மனமொப்பிச் செல்லும் மிகக் கூடிய தூரம் மற்றொன்று. முன்னதைத் ‘தாங்குதொகை’ என்றும், பின்னதைச் ‘செல்லெல்லை’ என்றும் நான் பெயரிட்டுக்கொண்டேன். தாங்குதொகை சிறிதான சேவைகள் சிற்றூர்களிலும், பெரிதானவை பேரூர்களிலும் அமையும். சிற்றூர் பல ஒரு பேரூரையும், பேரூர் பல ஒரு நகரையும் சூழ்ந்து நிற்கும். தொடக்கப் பாடசாலை எங்கும் உண்டு, பல்கலைக்கழகம் ஓரிடத்தில் மாத்திரம் உண்டு என்பதன் காரணம் இதுவே.

இதனைக் கேட்டபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை. தீவகத்தார் இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்தவர்கள். புங்குடுதீவு, காரைநகர், வேலணை, நயினாதீவு ஆகிய ஊர்களிலிருந்து புறப்பட்டுக் கொழும்பிலும் தென்னிலங்கையின் சிறு பட்டினங்களிலும் கடை திறந்தவர்கள் எத்தனை பேர்! எந்தச் சந்தியில் எத்தனை குடும்பம் உண்டு, அங்கே பலசரக்குக் கடை ஓடுமா, சாப்பாட்டுக் கடை ஓடுமா என்று கணிப்பதில் அவர்கள் கிறிஸ்டாலருக்கு இளைத்தவர் அல்லர். ஆயினும் ஒன்றை நோக்குக. பிறர் ஊர்க்கெல்லாம் கடை கொண்டு சென்ற அம்மக்கள், தம் ஊரில் கடை வைக்கவில்லை. அங்கே தாங்குதொகை இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஊருக்குப் பணத்தை அனுப்பினர். வீடும் கோயிலும் கட்டினர். தொழிலை வெளியூரில் வைத்தனர்.

கோட்பாட்டைப் பழிப்பது என் கருத்தன்று. அது எந்த நிலத்துக்கு வகுக்கப்பட்டது என்பதே என் வினா. மேடும் பள்ளமும் இல்லாத சமவெளி, எங்கும் ஒரேயளவாகப் பரவிய மக்கள், எத்திசைச் சென்றாலும் தூரத்துக்கு ஏற்ற ஒரே செலவு ஆகியவற்றை முதலிற் கற்பித்துக்கொண்டே கிறிஸ்டாலர் தம் கணக்கைத் தொடங்கினார். மக்கள் தமக்கு அண்மையிலுள்ள மையத்துக்கே செல்வர் என்பது அவர் கொண்ட மற்றொரு கருத்து. நண்பர் தம் வகுப்பில் இதனை விளக்கியபோது, உயர்தரம் படிக்க நெடுந்தீவிலிருந்து வந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், படகு ஓடாத நாளிலை எங்களுக்கு எது கிட்ட?” என்று கேட்டானாம். விடை சொல்லத் தெரியாமல் நின்றதாக நண்பர் என்னிடம் ஒப்புக்கொண்டார்.

அம்மாணவனின் வினாவைப் பற்றிக்கொண்டு குறிகட்டுவானை நோக்குவோம். நெடுந்தீவார்க்கும் நயினாதீவார்க்கும் வெளியுலகின் வாயில் அதுவே. வங்கிக்குப் போவோரும், வழக்குக்குப் போவோரும், பிள்ளைப்பேற்றுக்குப் போவோரும் அதனைக் கடந்தே செல்லல் வேண்டும். இத்தனை பேர் நாள்தோறும் வந்து கூடும் இடம் சமவெளியில் இருந்திருப்பின் இதற்குள் ஒரு பட்டினமாக வளர்ந்திருக்கும். இங்கோ ஒரு துறைமேடையும், சில தேநீர்க் கடைகளும், காத்து நிற்கும் பேருந்துகளுமாக அது நின்றுவிட்டது. வருவோர் எல்லாரும் அப்பாற் போகவே வருகின்றனர். மையத்துக்குரிய வேலையைச் செய்தும் மையத்துக்குரிய வசதியைப் பெறாத ஊர் அது. கோட்பாட்டின் படத்தில் அதற்கு இடமில்லை. ஏனெனில் அப்படத்தில் கடல் இல்லை.

துறையில் ஒரு நாள் நின்று பார்த்தாலே தாங்குதொகையின் ஆட்சி விளங்கும். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் உள்ளன. நாட்டின் எத்திசையிலிருந்தும் அடியார் வருகின்றனர். கால்மணி நேர அளவிலான பயணம். ஏறுவோர் மிகப் பலர். படகும் அடிக்கடி உண்டு. நெடுந்தீவோ ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல் வழி. அங்கு வாழ்வோர் சில ஆயிரவர், படகு சிலவே. படகு மக்கட்தொகையைப் பின்பற்றிச் செல்கிறது. தேவையைப் பின்பற்றிச் செல்லவில்லை. தரிசனத்துக்குப் போகும் நான் படகைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏறுவேன். மருந்தோடு வீடு திரும்பும் அம்மையார் தவறவிட்டால் ஓர் இரவு போய்விடும்.

அக்கடல்வழி வேறொரு நினைவையும் உடையது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணஞ் செய்த மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் தப்பவில்லை. அதன் பின்னரும் நெடுந்தீவார் படகேறினர். வேறு வழி இல்லை. ‘மனமொப்பிச் செல்லும் தூரம்’ என்று ஏட்டில் எழுதும்போது, மனம் ஒப்பாமலும் சென்றே தீரவேண்டிய மக்கள் உளர் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, இக்கணக்கின் கொடிய பக்கத்துக்கு வருகின்றேன். 1990ஆம் ஆண்டையொட்டிய போர்க்காலத்தில் புங்குடுதீவு, வேலணை முதலிய ஊர்களிலிருந்து மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். பட்டணத்துக்கும், வன்னிக்கும், கொழும்புக்கும், கனடாவுக்கும், பிரான்சுக்கும், சுவிற்சர்லாந்துக்கும் போயினர். மீண்டோர் சிலரே. வீட்டுச் சுவரைப் பிளந்து ஆல் வளர்ந்திருப்பதை வீதியிற் செல்வோர் இன்றும் காணலாம். மக்கள் குறைந்தமையால் பாடசாலையில் பிள்ளைகள் குறைந்தனர். பிள்ளைகள் குறைந்தமையால் ஆசிரியர் குறைந்தனர். விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்க ஆளில்லை என்று கண்ட பெற்றோர், இருந்த பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பட்டணம் போயினர். அதனால் பிள்ளைத்தொகை மேலும் குறைந்தது. ‘இத்தனை சிறு தொகைக்கு இத்தனை ஆசிரியரா?’ என்று அதிகாரி கேட்கிறார். அவர் கேள்வியில் கணக்குப் பிழை இல்லை. ஆனால் அக்கணக்கே அடுத்த ஆண்டின் குறைவை உண்டாக்குகிறது.

மேற்கூறிய மாணவனின் குடும்பமும் அவ்வாறே நெடுந்தீவை விட்டது. அவன் தங்கைக்குக் கணிதப் பிரிவிற் படிக்க விருப்பம். தந்தையார் வள்ளத்தை விற்றுவிட்டுப் பட்டணத்தில் வாடகைவீடு எடுத்தார். கடற்றொழில் அறிந்தவர் இப்போது ஒரு கடையில் மூடை சுமக்கின்றார். ‘மக்கள் தாமாகவே வெளியேறுகின்றனர்’ என்று அறிக்கைகளில் எழுதுவது எளிது. அக்குடும்பம் தானாகவா வெளியேறியது?

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய துன்பமன்று. ஸ்கொத்லாந்தின் மேற்கே அத்திலாந்திக் கடலிற் கிடக்கும் செயின்ற் கில்டா என்னும் தீவில் நெடுங்காலம் மக்கள் வாழ்ந்தனர். இளைஞர் ஒவ்வொருவராய் நீங்கினர். நோய்க்கு மருத்துவம் கிடைத்தல் அரிதாயிற்று. இறுதியில் எஞ்சியவர்கள் தம்மை அகற்றுமாறு தாமே விண்ணப்பித்தனர். 1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் கடைசி 36 பேரும் கப்பலேறினர்.

‘அரசின் பொருள் அளவுடையது, தீவு ஒவ்வொன்றுக்கும் அறுவைச் சிகிச்சை நிலையம் அமைக்க இயலுமா?’ என்று கேட்பர். நேர்மையான கேள்வி. இயலாது. இயலும் என்று வாக்களிப்போர் தேர்தற் காலத்தவர். வேண்டிய அளவு நோயாளர் வாராத இடத்தில் அறுவை வைத்தியரை அமர்த்தினால் அவர் கைத்திறனும் மங்கும். பெரிய சேவைகள் பெருநகரில் இருத்தலே முறை. நான் மறுப்பது அதையன்று. எல்லாச் சேவைகளையும் தலையெண்ணிக்கை என்னும் ஒரே கோலால் அளப்பதையே மறுக்கின்றேன். நகைக்கடை இல்லாத ஊரில் மக்கள் வாழ்வர். நல்ல பாடசாலையும், இரவில் அழைத்தால் வரும் மருத்துவரும் இல்லாத ஊரில் வாழார். முன்னது மக்கட்தொகையைத் தொடர்ந்து வருவது. பின்னது மக்களை ஊரில் நிறுத்தி வைப்பது.

அளவுகோல் பொய்த்ததற்கு ஒல்லாந்தரே சான்று. நம் தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டியவர்கள் அவர்கள். நெடுந்தீவை டெல்வ்ற் என்றும், வேலணையை லைடன் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும் வழங்கினர். அவர்தம் நாட்டில் கடலை அணையிட்டு அடைத்து, நீரை இறைத்து, 1942ஆம் ஆண்டில் வடகிழக்குப் போல்டர் என்னும் நிலத்தை உண்டாக்கினர். மேடு பள்ளமற்ற அந்நிலம் மைய இடக் கோட்பாட்டுக்கென்றே பிறந்தது போன்றது. நடுவே எம்மெலூர்ட் என்னும் பட்டினம். சுற்றிலும் பத்துக் கிராமங்கள். துவிச்சக்கரவண்டியிற் செல்லும் தூரத்தை அளவாகக் கொண்டு இடைவெளி. ஆனால் மக்கள் மோட்டார்வண்டிக்கு மாறினர். கிராமத்துக் கடையைத் தாண்டிப் பட்டினத்துக்கே போயினர். சிறு கிராமங்களின் சேவைகள் தேய்ந்தன. சமவெளியிலேயே இவ்வாறாயின், கடல் சூழ்ந்த நிலத்தில் அக்கோலை அப்படியே நம்பலாமா?

கணக்கு மனிதரை மறந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கிறிஸ்டாலரின் வாழ்க்கையே எடுத்துக்காட்டாகும். நாஜிப் படைகள் போலந்தைக் கைப்பற்றியபின், அந்நிலத்தில் ஜேர்மானியரைக் குடியேற்றும் திட்டப்பணியில் அவர் ஈடுபட்டார். அங்கே முன்பே வாழ்ந்த மக்கள், வரையப்பட்ட படத்துக்கு இடையூறாகக் கருதப்பட்டனர்.

நம் இலக்கியத்தில் இதற்கோர் எதிர்ப்படம் உண்டு. மணிமேகலையில் வரும் மணிபல்லவத்தை நயினாதீவே என்று கொள்வார் உளர். அதனைத் துணிதல் இங்கு என் நோக்கமன்று; அத்தீவில் நிகழ்ந்ததாகச் சாத்தனார் கூறும் கதையே வேண்டுவது. எடுக்க எடுக்கக் குறையாது உணவளிக்கும் அமுதசுரபியை ஆபுத்திரன் பெற்றான். நாடு செழித்ததால் அவனிடம் உண்பார் இல்லாமற் போயினர். சாவக நாட்டில் பசி மிகுந்தது என்று கேள்வியுற்றுக் கப்பலேறினான். காற்றினால் கப்பல் மணிபல்லவத்தில் நின்றது. அவன் கரையில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என எண்ணிக் கப்பலார் அவனை விட்டுச் சென்றனர். மக்களில்லாத தீவில், மன்னுயிரை ஊட்டும் பாத்திரத்தை வைத்துத் தன்னுயிரை ஓம்புவதா என்று வருந்தி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்தான்.

இக்கதையை வகுப்பில் பல ஆண்டு கற்பித்திருக்கின்றேன். குறிகட்டுவான் துறையில் அந்த அம்மையாரைக் கண்ட பின்னரே அதில் இரண்டு செய்திகள் புலப்பட்டன. சேவை உண்டு, மக்கள் இல்லை. மக்கள் உண்டு, சேவை இல்லை. இரண்டையும் இணைப்பது ஒரு கப்பல். அக்கப்பல் தவறியமையால் பாத்திரமும் பயனற்றதாயிற்று. இது ஒன்று. அக்கப்பல் தவறுமுன்னர் ஆபுத்திரன் செய்தது யாது? பசித்தவர் தன்னைத் தேடி வரட்டும் என்று மதுரையில் அமர்ந்திருக்கவில்லை; பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பசியுள்ள இடத்துக்குப் புறப்பட்டான். இது மற்றொன்று.

ஆதலின் நான் வேண்டுவன சிலவே. முதலாவது, தீவகத்துச் சேவைகளைத் திட்டமிடுவோர் கிலோமீற்றரைவிட மணிநேரத்தை அளத்தல் வேண்டும். போக எத்தனை மணி, மீள எத்தனை மணி, கடைசிப் படகு எப்போது, சோழகமும் வாடையும் வீசும் நாளில் என்ன வழி என்பவற்றைச் சேர்த்தே ‘அண்மை’ எது என்று துணிய வேண்டும். ஸ்கொத்லாந்தில் 2018ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தீவுகள் சட்டம், அரச அமைப்புகள் புதிய திட்டங்களை வகுக்குமுன் அவை தீவுகளை எவ்வாறு பாதிக்கும் என்று ஆராயப் பணிக்கிறது. அங்கே 2008ஆம் ஆண்டிலிருந்து, படகுக் கட்டணத்தை அதே தூரம் வீதியிற் செல்லும் செலவுக்கு ஒப்பாக்கும் முறையும் படிப்படியாகப் பரவியது. கடல்வழியும் வீதியே என்பது அதன் கருத்து. யப்பானும் தொலைதீவுகளுக்கெனத் தனிச் சட்டத்தை 1953ஆம் ஆண்டிலேயே இயற்றியது.

இரண்டாவது, பேருந்தும் படகும் ஒன்றையொன்று எதிர்பார்த்துப் புறப்படுதல் வேண்டும். ஓட்டுவோர் வெவ்வேறாயினும் நேர அட்டவணை ஒன்றாயிருக்கலாம். கடைசிப் பேருந்து துறையை அடையும் வரை கடைசிப் படகு காத்திருந்தால், அந்த அம்மையார் அன்றிரவே தம் வீட்டில் உறங்கியிருப்பார். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

மூன்றாவது, நிலையாக வைக்க முடியாத சேவைகள் ஆபுத்திரன் போலப் புறப்பட்டு வரட்டும். கண் மருத்துவர், பல் மருத்துவர், காணிப் பதிவு, அடையாள அட்டை ஆகியவை முறைவைத்துத் தீவுக்கு வரலாம். ஐம்பது பேர் பட்டணம் போவதினும் ஐவர் தீவுக்கு வருவது எளிதன்றோ? நான்காவது, பாடசாலையில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணி ஆசிரியரை அனுப்பாமல், எந்தெந்தப் பாடம் கற்பிக்கப்படல் வேண்டும் என்று எண்ணி அனுப்புதல் வேண்டும். அவர்கள் குடும்பத்தோடு தங்க நல்ல விடுதியும் வேண்டும். வெள்ளிக்கிழமைப் படகை எதிர்பார்த்துக் கிடக்கும் ஆசிரியரால் என்ன பயன்? இதனை ஓர் ஆசிரியனாகவே சொல்கின்றேன்.

ஐந்தாவது, வெளிநாட்டில் வாழும் தீவக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோபுரங்களை உயர்த்தினீர்கள்; நன்று. அக்கோபுரத்தின் கீழ் மாலைப் பூசைக்கு வரப் பிள்ளைகள் வேண்டுமாயின், அவர்கள் கற்கப் பாடசாலையும் அவர்கள் தாயைக் காக்க மருத்துவமும் அருகில் இருத்தல் வேண்டும். ஊரில் கடை ஓடாது என்று அன்று கணித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். ஊரில் மக்கள் நிலைக்க எது வேண்டும் என்பதையும் கணித்துக் கூறுங்கள்.

அந்த அம்மையாரை அன்று மாலை புங்குடுதீவு உறவினர் வீட்டு வாயில்வரை கொண்டுசென்று விட்டேன். விடைபெறும்போது, “தம்பி, நீங்கள் ஒருக்கா எங்கடை ஊருக்கு வரவேணும். நல்ல ஊர்” என்றார். நல்ல ஊர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவ்வூரார்க்கு அது தொடர்ந்தும் ஊராக இருத்தல் வேண்டும் என்பதே என் விருப்பம். அடுத்த விடுமுறையில் நெடுந்தீவுப் படகில் ஏறுவதாக இருக்கின்றேன். காலைப் படகில் போய், அங்கே ஓர் இரவு தங்கியே வருவேன்.